மூடச் சொன்ன கணக்குக்கு 275 வெள்ளி: அப்பாவுக்கு நடந்தது

வீட்டில் பெரியவர்கள் யாராவது பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டதாகச் சொன்னால், மூடியதற்கு வங்கி கொடுத்த கடிதம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் அப்பாவிடம் அது இல்லை. அதனால் 275 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. பணத்தைவிட அவர் பட்ட பயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா சிங்கப்பூரில், தேக்காவில் பல வருடம் பூக்கடை வைத்திருந்தார். முட்டி வலி தாங்காமல் கடையை விட்டபின், கடைக்காக வைத்திருந்த காசோலைக் கணக்கை மூட 2024 ஜனவரியில் கிளைக்குப் போனார். கணக்கில் 61 வெள்ளி 20 காசு இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மிச்சக் காசோலைகளை அவர் கண்ணெதிரே கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டார். விண்ணப்பத்தில் முத்திரை குத்தி ஒரு நகலைக் கையில் கொடுத்து, "முடிஞ்சது அங்கிள், மீதிப் பணம் உங்க சேமிப்புக் கணக்குக்கு வந்துடும்" என்றாராம். அப்பா அந்த நகலை மடித்து வீட்டிலுள்ள பழைய பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டார். அவருடைய முக்கியமான தாள்களெல்லாம் அதில்தான் இருக்கும்.

கணக்கை யாரும் மூடவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிப்ரவரியிலிருந்து மாதம் 15 வெள்ளி கழிந்துகொண்டே போனது. நான்கு மாதத்தில் மிச்சம் 1 வெள்ளி 20 காசு. பணம் தீர்ந்த இடத்தில் கழிப்பதும் நின்றிருக்க வேண்டும். ஐந்தாவது மாதமும் வங்கி தன் 15 வெள்ளியை எடுத்தது. கணக்கு 13 வெள்ளி 80 காசு கடனுக்குள் போனது. அப்புறம் அந்தக் கடனுக்கு வட்டி, எவ்வளவு சின்னக் கடனானாலும் குறைந்தது 10 வெள்ளி. ஆக மாதம் 25. கணக்கறிக்கையெல்லாம் கடையின் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

2025 மார்ச்சில் ஈசூன் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 213 வெள்ளி 80 காசு 'அன்ஆதரைஸ்ட் ஓவர்டிராஃப்ட்', 14 நாளில் கட்டாவிட்டால் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிப்போம் என்று எழுதியிருந்தது. அப்பா அந்த வார்த்தைக்கு அர்த்தம் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டிருக்கிறார். "அனுமதி இல்லாம எடுத்தது தாத்தா" என்றானாம். அவன் சொன்னது சரிதான், கணக்கில் இருப்பதற்கு மேல் அனுமதி இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் எடுத்தது யார்? ஒரு காசு எடுக்காத மனிதர், தன்னைத் திருடன் என்று சொல்கிறார்கள் என நினைத்து, மறுநாள் காலை கிளை திறப்பதற்கு முன்பே போய் நின்று முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையில் ரசீது இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது.

முதலில் தொலைபேசியில் பேசினேன். "இது எங்கள் விதிமுறையில் இருக்கிறது" என்றார்கள். இரண்டாம் முறையும் அதே பதில்தான். இணையத்தில் தேடியதில், ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் மாதிரிக் கடிதங்கள் நிறைய கிடைத்தன. ஒன்றை அப்படியே அனுப்ப இருந்தேன். லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகள்தான் தடுத்தாள். அவை பிரிட்டனுக்கு எழுதியவை. அங்கேகூட அந்தக் கட்டணங்கள் நியாயமான அளவா என்று கேட்ட வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 2020 ஏப்ரலில்தான் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணம் வாங்கக்கூடாது, அனுமதி இல்லாததற்கு அனுமதி பெற்றதைவிட அதிக வட்டி போடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த விதியை இங்குள்ள வங்கிக்கு எழுதிக் காட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

இங்கே போக வேண்டிய இடம் ஃபிட்ரெக் என்கிற நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையம். நாணய ஆணையத்துக்கு எழுதச் சொல்லிப் பலர் யோசனை கூறினார்கள். ஆணையம் வங்கிகளைக் கண்காணிக்கும், ஆனால் உங்கள் தனிப்பட்ட வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. ஃபிட்ரெக்கிலும் ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கட்டணம் அதிகம், வட்டி அதிகம் என்ற புகாரை அவர்கள் எடுக்கமாட்டார்கள். எவ்வளவு வாங்குவது என்பது வங்கியின் வணிக முடிவு. அதனால் 15 வெள்ளி அநியாயம் என்று நான் எழுதவில்லை. 'இந்தத் தேதியில் மூடச் சொன்னோம், உங்கள் முத்திரை இதோ, அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு காசும் தவறு' என்று மட்டும் எழுதினேன். பிஸ்கட் டின்னில் இருந்த அந்த ஒற்றைத் தாள்தான் எங்கள் முழு பலம்.

அந்தத் தாளின் நகலோடு முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதிப் பதிலை எழுத்தில் கேட்டேன். ஃபிட்ரெக்குக்குப் போவதென்றால் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் அந்தப் பதில் தேதியோடு கையில் இருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வந்தது: நல்லெண்ண அடிப்படையில் 100 வெள்ளி தருகிறோம், இணைத்துள்ள தாளில் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளைப் படித்துப் பார்த்தால், இது முழுமையான, இறுதியான தீர்வு, இனி இது பற்றி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்று இருக்கிறது. அப்பா பேனாவை எடுத்துவிட்டார். "போதும்மா, வந்த வரைக்கும் லாபம்" என்றார். "நம்ம பணத்துல பாதிகூட இல்லப்பா" என்று சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபிட்ரெக்கில் புகார் பதிந்தேன். நடுவர் பேச்சு நடக்கும் முன்பே வங்கியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்பா கட்டிய 213 வெள்ளி 80 காசும் கணக்கில் கரைந்துபோன 61 வெள்ளி 20 காசும் சேர்த்து முழு 275 வெள்ளியும் திரும்பி வந்தது. பணம் மட்டும் போதாது, கணக்கு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை, கடன் தகவல் நிறுவனத்துக்கு எதுவும் போகவில்லை என்று கடிதம் வேண்டும் என்றேன். இரண்டு முறை நினைவுபடுத்திய பிறகு அதுவும் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் டின்னில் வைத்தார். மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தன் நண்பர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். கூட இருந்த ஒருவர், அவரும் முன்பு கடை வைத்திருந்தவர்தான், தன் கணக்கும் சும்மாதான் கிடக்கிறது என்றாராம். வரும் சனிக்கிழமை கிளை திறந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.