சென்னையா, சிங்கப்பூரா, கொச்சியா? கிருஷ்ணகிரி, தருமபுரிக் குடும்பங்களுக்கு ஒரு கப்பல் பயண ஒப்பீடு

கப்பலில் ஒருமுறை போய்வர வேண்டும் என்று கிருஷ்ணகிரிப் பக்கம் யார் பேச்செடுத்தாலும், தலைக்கு எவ்வளவு ஆகும் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். உடன் வருபவர்களில் வயதில் மூத்தவர் யார், வீட்டு வேலைகளிலிருந்து எந்த மாதத்தில் விடுபட முடியும் என்ற இரண்டையும் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் சென்னை, சிங்கப்பூர், கொச்சி ஆகிய மூன்று துறைமுகங்களில் நமக்கு உரியது எது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். மூன்றிலிருந்தும் கப்பலேறி வந்தவன் என்ற முறையில், நம் ஊரிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தின் கண்கொண்டு இவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். சென்னை நம் மாநிலத் தலைநகர் என்பதால் அது பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டரும், தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டரும் ஆகின்றன. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லை என்பதால் நாங்கள் ஜோலார்பேட்டைக்குப் போய்த்தான் வண்டி ஏறுகிறோம். தருமபுரிக்காரர்களுக்கு மொரப்பூர் இருக்கிறது. மாலையில் புறப்படும் கப்பலுக்குப் பிற்பகலிலேயே பயணிகள் பதிவை முடித்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலை நம்பி அன்று காலையில் புறப்படுவது மனத்துக்கு நிம்மதி தராத காரியம் என்பதால், முந்தைய இரவு சென்னையில் தங்குவதே நல்லது. சிங்கப்பூருக்கோ பெங்களூரு விமான நிலையம் இருக்கிறது. அது நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் போக வேண்டும். சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசல்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். விமானப் பயணம் நாலரை மணி நேரம். இரவு விமானத்தில் ஏறினால் விடியும்போது சிங்கப்பூரில் இருக்கலாம். ஆக, ஒரு துறைமுகம் மாநிலத்துக்குள்ளும் இன்னொன்று கடல் கடந்தும் இருந்தாலும், நம் வீட்டு வாசலிலிருந்து கப்பலின் படிக்கட்டு வரை இரண்டுக்கும் ஒரு இரவுதான் செலவாகிறது. ஓசூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் இன்னும் வசதி.

அடுத்தது மாதம். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் அருகே சிறிய மாந்தோப்பு இருக்கிறது. மே மாதத்திலிருந்து ஜூலை வரை பெங்களூரா காய் பறிப்பு, மாங்கூழ் ஆலைக்கு லாரி அனுப்புவது, ஆலையிலிருந்து பணம் வரும் நாளுக்குக் காத்திருப்பது என்று வீட்டில் ஒருவரும் அசைய முடியாது. சென்னையிலிருந்து புறப்படும் கார்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலோ, மேற்குக் கடற்கரையில் பருவமழை பெய்யும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் வருகிறது. 2022 ஜூனில் சென்னைச் சேவை தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குள்ளேயே அதன் பயணங்கள் அமைகின்றன. மற்ற மாதங்களில் அது மும்பை, கோவா, கொச்சி, இலட்சத்தீவுப் பக்கம் போய்விடும். இதனால் ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக்குச் சென்னைக் கப்பல் உதவாது. பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய விடுமுறை நாட்களைத்தான் நாட வேண்டியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து ஆண்டு முழுவதும் கப்பல்கள் புறப்படுகின்றன என்பதால், பயணத்துக்கான மாதத்தை நம் வசதிப்படி நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி கடல். விளம்பரங்களில் நீச்சல் குளமும் மேடை நிகழ்ச்சியும்தான் பெரிதாகத் தெரிகின்றன. கப்பலில் ஏறிய பிறகு ஒருவரின் மகிழ்ச்சியை முடிவு செய்வதில் கப்பல் எவ்வளவு ஆடுகிறது என்பதற்குத்தான் முதல் பங்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடல் அமைதியாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கிப் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் சுமத்ரா தீவும் மறுபுறம் மலாய்த் தீபகற்பமும் அரணாக நிற்பதால், பெருங்கடலின் அலை அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. இதோடு கப்பலின் அளவும் சேர்ந்துகொள்கிறது. எம்பிரஸ் 1990-இல் பணிக்கு வந்த கப்பல். 211 மீட்டர் நீளமும் 48,563 மொத்த டன்னும் கொண்டது. மொத்த டன் என்பது எடையைக் குறிப்பதன்று, கப்பலின் உள்கொள்ளளவைக் குறிக்கும் அளவு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கென்டிங் டிரீம் 2016-இல் கட்டப்பட்டது. 335 மீட்டர் நீளம், 1,50,695 மொத்த டன். அளவில் மூன்று மடங்கு பெரிய கப்பல், அமைதியான நீரிணையில் போகிறது என்றால் வேறுபாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து போனபோது, முதல் இரவு பத்து மணிக்கு மேல் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த துண்டு ஊஞ்சல்போல மெல்ல ஆடத் தொடங்கியது. மேசைமேல் இருந்த குவளையின் நீர் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதை என் மகன் வியந்து பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் பிள்ளைகள் இட்லி சாப்பிட ஓடினார்கள். அவள் நண்பகல் வரை எழவில்லை. மருத்துவரைக் கேட்டுக் குமட்டல் மாத்திரையை வாங்கி வைத்திருந்தோம். ஆட்டம் தொடங்கிய பிறகு அதை விழுங்கியதுதான் எங்கள் தவறு. அதைப் பயணத்துக்கு முன்பே உட்கொள்ள வேண்டும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். மேல்தளத்தில் முன்முனையில் உள்ள பால்கனி அறைக்கு விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம்.

இந்தக் காரணத்தால்தான், அறுபது வயதைக் கடந்த பெற்றோரோடு முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் சிங்கப்பூரைத்தான் பரிந்துரைக்கிறேன். செலவு கூடுதல் என்பதை மறுக்கவில்லை. விமானக் கட்டணம், கடவுச்சீட்டு, விசா ஆகியவை சென்னைப் பயணத்தில் இல்லாத செலவுகள். உள்நாட்டுப் பயணம் என்றால் சென்னையில் ஆதார் போன்ற அடையாள அட்டையே போதும். இலங்கைக்குப் போகும் பயணமாக இருந்தால் மட்டும் கடவுச்சீட்டு வேண்டும். சிங்கப்பூர் விசா எடுக்கும்போது அது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், கப்பலில் மலேசியா போய்த் திரும்பும்போது நாம் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடுவதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு பயண முகவர் தலைக்கு இவ்வளவு என்று சொன்ன தொகையை எல்லாம் சேர்த்த தொகை என்று நம்பி முன்பணம் கட்டிவிட்டேன். பிறகு துறைமுகக் கட்டணம் தனி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை நாள் கணக்கில் தனி, வரி தனி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எனவே எந்த நிறுவனமாக இருந்தாலும், குடும்பம் முழுவதற்கும் இறங்கும் நாள் வரை ஆகும் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லப்படும் கட்டணம் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இருவர் கட்டணம் செலுத்த நேரிடலாம், அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவாகவே வாங்குவார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மது, இணையம், சிறப்பு உணவகங்கள், கரையில் சுற்றிப்பார்க்கும் வண்டி ஆகியவை பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் தனிச்செலவுதான்.

உணவைப் பொறுத்தவரை சென்னைக் கப்பலுக்குத்தான் என் ஓட்டு. இந்தியப் பயணிகளுக்காகவே ஓடும் கப்பல் என்பதால், சைவ உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் கப்பலிலும் இந்தியச் சைவ உணவு கிடைக்கிறது. ஆனால் அங்கே எது சைவம் என்று தட்டுத் தட்டாகக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் என் அம்மா, ஒரு உருண்டை ராகிக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். சென்னைக்குப் போகும் வழியில் வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று, கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றை முழுவதும் சாப்பிட்டு முடித்தபின்தான் நாங்கள் புறப்பட்டோம். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை.

கப்பல் எங்கே கரை தொடுகிறது என்பதில் சிங்கப்பூர் வெகுதூரம் முந்திவிடுகிறது. சென்னையிலிருந்து போகும் இரண்டு இரவுப் பயணம் நடுக்கடல் வரை போய்த் திரும்பி வருவதே. எந்த ஊரிலும் இறங்குவதில்லை. கப்பலுக்குள் இருப்பதே போதும் என்று நினைக்கும் இளம் தம்பதியருக்கும் நண்பர் குழுவுக்கும் அது பொருந்தும். 2023 ஜூனில் தொடங்கிய இலங்கைப் பயணத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் இருந்தன. அப்படிப்பட்ட பயணம் அட்டவணையில் இருக்கும் ஆண்டாகப் பார்த்துப் போனால், கோணேசுவரத்தையும் யாழ்ப்பாணத்தையும் பார்க்கும் வாய்ப்புக்காகவே சென்னையைத் தேர்ந்தெடுக்கலாம். சிங்கப்பூரிலிருந்து போகும்போது, பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே நிற்கிறது. இறங்கி நடந்தே 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் பத்துமலை முருகனைப் பார்த்துவரலாம். அங்கே 272 படிகள் ஏற என் அம்மாவால் முடியவில்லை, 42.7 மீட்டர் உயரச் சிலையின் காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கந்தர் சஷ்டி கவசம் சொல்லி முடித்தார். புக்கெட் மட்டும் மூத்தவர்களுக்கு உகந்ததன்று. அங்கே கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறிக் கரைக்குப் போக வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால், ஆங்கிலம் தெரியாத பெற்றோர் அங்கே மிரள்வதில்லை. கப்பல் முனையத்தின் அருகிலேயே மரினா சவுத் பியர் மெட்ரோ நிலையம் இருப்பதும் பெட்டி இழுப்பவர்களுக்கு நிம்மதி.

கொச்சியைக் கடைசியில் வைத்தாலும், என் மனம் நிற்பது அங்கேதான். இலட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்தும் 'சமுத்திரம்' தொகுப்பில், 700 பேர் போகக்கூடிய எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாட்களில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைப் பார்க்கலாம். பகலில் தீவு, இரவில் கப்பல். இது விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட நம் நாட்டுக் கப்பல். சொகுசுக் கப்பல்களின் ஆடம்பரத்தை இதில் எதிர்பார்க்க முடியாது, அறைகள் எளியவை. ஆனால் விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றால், கருநீலக் கடல் கோடு கிழித்ததுபோல் சட்டென்று பச்சையாக மாறும் அந்த இடத்தை எந்தச் சொகுசுக் கப்பலிலும் நான் பார்த்ததில்லை. நுழைவு அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மதுவுக்குத் தடை. கப்பல் ஆழ்கடலில் நிற்க, அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்கு மாற வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப்போகாதீர்கள். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறத் தயங்குபவருக்கு இந்தப் படகு ஒத்துவராது. தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வசதி, பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தருமபுரி வழியாகவே போகிறது.

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலையும் சிலர் கேட்கிறார்கள். அது மூன்று நாள் போக்குவரத்துச் சேவை. விடுமுறைப் பயணமாக அதை இந்த வரிசையில் வைக்க முடியாது.

எந்தத் துறைமுகமானாலும், கப்பல் புறப்படும்போது உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். அறையில் படுத்துவிடாமல் குடும்பத்தோடு போய், கூட வேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றிவிடுங்கள், கடலில் ரோமிங் கட்டணம் கடுமையாக இருக்கும். ஆறு மாதம் நிறையாத குழந்தையையும், ஆறாம் மாதத்தை எட்டிய கர்ப்பிணியையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை என்பதால், பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் பிப்ரவரியில், மாமரங்கள் பூத்து நிற்கும்போது, தோப்பு வேலை குறைந்திருக்கும் பத்து நாட்களுக்குள் மீண்டும் சிங்கப்பூர் போக முடிவு செய்திருக்கிறோம். இம்முறை எட்டாம் தளத்துக்கு மேல் அறை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். மின்தூக்கிக்குப் பக்கத்தில், நடுப்பகுதியில் ஓர் அறை கேட்டிருக்கிறேன்.