யூரிதேன் வார்ப்பா, அச்சு ரப்பரா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நிற்கும் எங்கள் பழைய டொயோட்டா ஜீப் லேண்ட் குரூசர் 40-க்கு (ஜப்பானில் 1984-இல் உற்பத்தி நின்றது) ஒயர் நுழையும் துளைக்கான ரப்பர் வளையம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, அதனால் இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன்.

வீட்டிலேயே பழைய வளையத்தை வைத்து சிலிக்கோன் அச்செடுத்து, கலந்து ஊற்றினால் ரப்பர் போல இறுகும் யூரிதேனை ஊற்றினால் மலிவு, மறுநாளே கையில். ஆனால் பழசு சுருங்கிக் கிடந்தால் நகலும் அப்படியேதான் வரும், பினாங்கு ஈரக்காற்று கலவையில் பட்டால் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி கட்டிவிடும், என் முதல் வளையத்தை நகத்தால் கீறியதுமே தேன்கூடு மாதிரி தெரிந்தது.

பட்டறையில் இரும்பு அச்சு வெட்டி இபிடிஎம் (EPDM) என்ற, வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பரைச் சூட்டில் அழுத்தினால் அச்சுக்கே பெரிய காசு, ஆறும்போது சுருங்கும் சுமார் 2 சதவீதத்தையும் அளவில் சேர்க்க வேண்டும். சரி, பரவாயில்லை, வெயிலில் வெடிக்காது அல்லவா! கதவு ரப்பருக்கு நான் இதையே சொல்வேன். எண்ணெய் படும் இடத்துக்கு மட்டும் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேளுங்கள், இபிடிஎம் உப்பிவிடும்.