செய்திமடல் வடிவமைக்க: ரைட்டரா, ஸ்கிரைபஸா?

தன்னார்வலர்களை நம்பி சிறிய ஆய்வுச் செய்திமடல் நடத்துபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் வேர்டு போல எழுதுவதற்கான செயலி, ஸ்கிரைபஸ் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் செயலி. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள்; காசு பேச்சே இல்லை.

பழகுவது
ரைட்டர்: வேர்டு தெரிந்தவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம்.
ஸ்கிரைபஸ்: ஓரிரு இதழ் போன பிறகுதான் கைவரும்.

பலர் கைவைப்பது
ரைட்டர்: மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி உண்டு. யார் எந்த வரியைத் தொட்டார் என்பது தெரியும், வேண்டாததைத் தள்ளலாம். ஆய்வு மடலுக்கு இதுதான் உயிர். கல்வெட்டு வாசகத்தில் ‘பிழை’ திருத்திய நல்லெண்ணக்காரர்கள் எங்களிடமும் உண்டு!
ஸ்கிரைபஸ்: அந்த வசதி இல்லை. கோப்பு ஒருவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து
ரைட்டர்: தொல்லையில்லை.
ஸ்கிரைபஸ்: 1.4 பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6இல் அது சரி. பழையதை வைத்திருப்பவரை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

அச்சகம்
ரைட்டர்: கறுப்பு வெள்ளைக்குப் போதும்.
ஸ்கிரைபஸ்: அச்சகம் கேட்கும் நான்கு வண்ணப் பிடிஎஃப் தரும்.

மின்னஞ்சலில் மட்டும் போகும் எட்டுப் பக்க மடல் என்றால் ரைட்டரே போதும். படங்கள் நிறைந்த வண்ண இதழ், அதற்கென ஒருவர் நிலையாக இருக்கிறார் என்றால் ஸ்கிரைபஸ். அப்போதும் மெய்ப்பு முழுவதையும் ரைட்டரில் முடித்துவிட்டு, அப்புறம் பக்கம் கட்டுங்கள்.