கேட்டறிவதா, மரபணுவில் பார்ப்பதா?

கொடிகாமத்தில் மாமா பின்னேரமானால் ஒரு போத்தல் பனங்கள்ளோடு திண்ணையில் இருப்பார். "அளவாக் குடிச்சா உடம்புக்கு நல்லது தம்பி" என்பார். அவர் பக்கம் ஆய்வுகளும் இருந்தன.

அவை கேட்டறியும் வழியில் வந்தவை. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் வருத்தம் வந்து குடியை விட்டவரும் 'குடிக்காதவர்' பட்டியலில் சேர்ந்துவிடுவார். அளவாகக் குடிப்பவர் வசதியானவராகவும் இருக்கலாம்; அப்போ நன்மை குடியாலா, வசதியாலா என்று தெரியாது.

மற்றது மெண்டலிய எழுமாற்று முறை: குடியைக் கூட்டும் அல்லது குறைக்கும் மரபணு யாருக்கு உண்டு என்று பார்த்து, அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவது. மரபணு கருவிலேயே சீட்டுக் குலுக்கியதுபோல் வந்துவிடுகிறது. வருமானமோ வருத்தமோ அதை மாற்றாது. கிழக்காசியர் பலருக்கு ஏஎல்டிஎச்2 மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. குடித்தால் முகம் சிவந்து குமட்டும், அதனால் குறைவாகவே குடிப்பார்கள். சீனாவில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடரும் கடூரி பயோபாங்கின் 2019 ஆய்வு இரு வழிகளையும் பக்கத்தில் வைத்தது. கேட்டறிந்ததில், அளவாகக் குடித்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவு. மரபணுவில் பார்த்தபோது அந்த நன்மை காணாமல் போனது. குடி கூடக்கூட ஆபத்தும் கூடியது. அங்கே பெண்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை. அதே மரபணு வேறுபாடு அவர்களின் ஆபத்தை மாற்றவில்லை. அப்போ கோளாறு மரபணுவில் இல்லை, குடியில்தான்!

சரி, அந்த மாற்றம் நம்மவரிடம் மிக அரிது. ஒரு மரபணு வேறு வழியாலும் நோயைத் தொட்டால் கணக்குப் பிழைக்கும். யாழ்ப்பாணத்தில் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று அறிய, வீடுவீடாகக் கேட்கத்தான் வேண்டும். குடி கெடுக்கிறதா என்ற கேள்விக்கு நான் மரபணுவையே நம்புவேன். மாமாவிடம் அந்தப் பெண்களின் கதையைத்தான் சொன்னேன்.