ஒரே சாக்கெட்டில் வால்வு திரும்பத் திரும்பச் சிவந்தால், புது வால்வு வாங்காதீர்கள்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பாட்டு செட், வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் “அவுட்புட் வால்வு நாலும் போச்சு சார், செட்டா மாத்தணும்” என்றால், சரி என்று தலையாட்டும் முன் வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். என் ஆம்ப்பை “புதுசு மாதிரி ஆக்கித் தந்த” ஆளின் குட்டு அந்தச் சோதனையில்தான் வெளிப்பட்டது.

என்னுடையது அறுபதுகளில் செய்த ஸ்டீரியோ செட். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுகளாக சேனலுக்கு இரண்டு என்று நான்கு ஈஎல்84, அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்க ஈசிசி83, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஜிஸெட்34. போட்டு அரை மணி நேரம் நன்றாகப் பாடும். பிறகு வலது பக்கம் குரல் மங்கும், அடியில் ஒரு ஹம் ஏறும். விளக்கை அணைத்துப் பார்த்தால் வலது சேனலின் ஒரு ஈஎல்84-இல் பிளேட் சிவந்து கிடக்கும். நடுவில் தெரியும் ஃபிலமென்ட்டின் ஆரஞ்சு ஒளியைச் சொல்லவில்லை, அது எப்போதும் இருக்க வேண்டியது. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடே இரும்பு பழுத்த மாதிரி சிவக்கிறது என்றால், அந்த வால்வு தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். விட்டுவைத்தால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். அதற்கு ஈடாக இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

கடைக்காரர் செட்டைத் திறக்கக்கூட இல்லை. நாலும் தேய்ந்துவிட்டது, பழைய இருப்பில் பெட்டி பிரிக்காத இங்கிலாந்து முல்லார்ட் கம்பெனி வால்வு நான்கு மேட்ச் செய்து (ஒரே அளவு கரண்ட் இழுப்பவையாகப் பொறுக்கி) வைத்திருக்கிறேன், கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்றார். பில்லில் அப்படியே எழுதியும் கொடுத்தார்: நான்கு முல்லார்ட், கண்டென்சர் மாற்றம், சர்வீஸ். எடுக்கப் போன அன்று ஐந்து நிமிடம் பாட்டுப் போட்டுக் காட்டினார், அருமையாகத்தான் இருந்தது. இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் அதே சேனல், அதே இடம், அதே சிவப்பு. ஃபோன் செய்தால், “சத்தத்தை ரொம்ப வச்சிருப்பீங்க சார். ஒண்ணு போயிருந்தா நாலையும்தான் மாத்தணும், மேட்ச் போயிடும்ல.” சத்தம் அதிகம் வைத்தால் பிளேட் சிவக்கும் என்பதற்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. என் செட் பாட்டே போடாமல் சும்மா இருக்கும்போதுதான் சிவந்தது.

இனி சோதனை. சிவக்கும் வால்வு எந்த சாக்கெட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, வால்வுகள் கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். சிவந்த வால்வையும் நல்ல சேனலில் உள்ள ஒன்றையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றக் கூடாது, வால்வு ஆம்ப்பை லோடு இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. மறுபடி போட்டு, பழைய கோளாறு எவ்வளவு நேரத்தில் வந்ததோ அவ்வளவு நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து புது இடத்துக்குப் போனால் வால்வு கெட்டது. உள்ளே காற்றுக் கசிந்தாலோ, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருளான கிரிட் கெட்டாலோ அப்படி ஆகும், அப்போது கடைக்காரர் சொன்னது நியாயம். சிவப்பு பழைய சாக்கெட்டிலேயே நின்று, இத்தனை நாள் நன்றாக இருந்த வால்வை அங்கே சிவக்க வைத்தால், கோளாறு சர்க்யூட்டில். அங்கே எத்தனை வால்வு கொண்டுவந்து போட்டாலும் அது தின்றுகொண்டே இருக்கும்.

எனக்கு சாக்கெட்டிலேயே நின்றது.

இதற்கு மேல் செல்வது உள்ளே 300 வோல்ட் டிசி இருப்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மட்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் அந்த வோல்ட் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள வயரில் வைத்து அதை வடித்து, மீட்டரில் வோல்ட் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். போட்ட நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரை கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளப்பேன், இன்னொரு கை பாக்கெட்டில். பழக்கம் இல்லாதவர்கள் மேலே சொன்ன இடமாற்றுச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, அதன் முடிவோடு மெக்கானிக்கிடம் போனாலே போதும்.

என் செட்டில் ஒவ்வொரு ஈஎல்84-க்கும் தனித்தனியாக, அந்த வால்வின் கரண்ட் முழுவதும் கடந்துபோகும் 270 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர். மூன்று வால்வுகளில் அதன் குறுக்கே 11 வோல்ட்டை ஒட்டி இருந்தது, அதாவது சுமார் 40 மில்லிஆம்பியர். சிவக்கும் இடத்தில் 17 வோல்ட், 63 மில்லிஆம்பியர். ஈஎல்84-இன் பிளேட் தாங்கக்கூடியது 12 வாட். இந்த கரண்ட்டில் அதன் மேல் 16 வாட்டுக்குக் குறையாமல் விழுகிறது. சிவக்காமல் என்ன செய்யும்? இதற்கு நேர்மாறாக, வால்வு சிவந்திருக்கும்போது கேத்தோடில் வோல்ட்டே இல்லையென்றால், அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள பைபாஸ் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கும்.

அடுத்து அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றிவிட்டு, காலியான சாக்கெட்டில் இரண்டாம் பின்னில், அதாவது கிரிட்டில், டிசி வோல்ட் பார்த்தேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம் அது. போட்டவுடன் 2 வோல்ட் காட்டியது. சூடு ஏற ஏற 3, 4 என்று நகர்ந்து 7-இல் போய் நின்றது. வால்வே இல்லாத சாக்கெட்டில் வோல்ட் வருகிறதென்றால் அது வேறெங்கிருந்து வரும்? ஈசிசி83-இன் பிளேட்டில் இருக்கும் 180 வோல்ட்டைத் தடுத்து, பாட்டை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. அந்தக் காலத்துப் பேப்பர் கண்டென்சர்களுக்கு இது வயதானால் வரும் வியாதி. கசிந்த வோல்ட் கிரிட்டில் ஏறினால் வால்வு கூடுதல் கரண்ட் இழுக்கும், சூட்டில் கசிவும் கூடும். அதனால்தான் அரை மணி நேரம் கழித்துக் கோளாறு, அதனால்தான் கடையில் ஐந்து நிமிடக் கச்சேரி. இந்தக் கண்டென்சரைக் கழற்றி மீட்டரின் ஓம் அளவில் வைத்தால் பெரும்பாலும் நல்லது என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கொடுக்கும் சொற்ப வோல்ட்டில் கசிவு தெரியாது. “மீட்டரில் செக் பண்ணிட்டேன் சார்” என்பதை நம்பாதீர்கள்.

0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்று. நல்ல தேநீர் ஒன்று வாங்கும் காசு. அதைப் போட்டதும் கிரிட் பூஜ்யத்துக்கு வந்தது, சிவப்பு போயே போச்சு.

செட்டைக் கவிழ்த்துப் போட்டபோது கண்ணில் பட்ட மற்றவை எரிச்சலின் அடுத்த கட்டம். எல்லாக் கண்டென்சரையும் மாற்றியதாக பில். அதே தயாரிப்பின் மெழுகு பூசிய கப்ளிங் கண்டென்சர்கள் எட்டும், ஒன்றில்கூடச் சூட்டுக்கோல் படாமல், தொழிற்சாலையில் வைத்த ஈயத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தன. மாற்றியது ஒன்றே ஒன்று: ரெக்டிஃபயரை அடுத்துள்ள முதல் ஃபில்டர். அங்கே இருந்தது 50 மைக்ரோஃபாரட், இவர் வைத்தது 220. பெரிதாகப் போட்டால் ஹம் போய்விடும் என்ற கணக்கு. ஜிஸெட்34-க்கு அந்த இடத்தில் அதிகபட்சம் 60 மைக்ரோஃபாரட் என்று அதன் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கண்டென்சரை நிரப்பப் பாயும் கரண்ட்டில் ரெக்டிஃபயர் உள்ளே பொறி அடித்துச் சாகும். ஹம் சந்தேகம் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபில்டர் காய்ந்த ஹம், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் 100 ஹெர்ட்ஸில் இருக்கும், ஃபிலமென்ட் வயரிங்கிலிருந்து வருவது 50-இல், இன்னும் கனமாக. காதுக்கே வித்தியாசம் தெரியும்.

ஃபியூஸ் 1 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 5 ஆம்பியர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

இப்போது அந்த “முல்லார்ட்” கதை. கண்ணாடியில் எழுத்து பளிச்சென்று இருந்தது. விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறது, ஆகவே போலி என்று பலர் சொல்வார்கள். அது ஆதாரமே இல்லை, அசல் பழைய வால்விலும் எழுத்து தொட்டாலே போய்விடும். பார்க்க வேண்டியது கண்ணாடியின் அடிப்பகுதியில், பின்களுக்குச் சற்று மேலே. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்டில் சாம்பல் நிறத்தில் பொடியாக இரண்டு வரி அரித்து எழுதியிருக்கும். மேல் வரி வால்வின் இனக்குறி. கீழ் வரியில் நான்கு எழுத்துகள்: ஆலைக்கு ‘பி’ (B), ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரத்துக்கு ஓர் எண். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1958-ஆ 1968-ஆ என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அது வேறு விஷயம். மேல் எழுத்தை யாரும் அச்சடித்துவிடலாம், இதை அழிப்பதும் போலியாக எழுதுவதும் சுலபமில்லை.

எனக்கு வந்த நான்கிலும் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஒன்றை எடுத்து, கண்ணாடிமேல் வாயால் ஆவி ஊதினேன். மூடுபனி படிந்த ஒரு நொடி, முல்லார்ட் என்ற எழுத்துக்குக் குறுக்கே, அழித்துவிட்ட வேறோர் எழுத்தின் தடம் தெளிவாகத் தெரிந்து மறைந்தது: 6பி14பி, ரஷ்ய எழுத்தில். ஈஎல்84-க்கு நேரான ரஷ்ய வால்வு அது. மோசமான சரக்கு இல்லை, நன்றாக உழைக்கும். அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

இதைவிடப் பெரிய நஷ்டம், செட்டோடு வந்த என்னுடைய பழைய வால்வுகள். கொடுக்கும் முன் நான்கையும் அந்த அரித்த எழுத்து தெரியும்படி படம் எடுத்து வைத்திருந்தேன், நான்குமே ‘பி’. பழையதைத் திருப்பித் தாருங்கள் என்று போய் நின்றபோது முதலில் குப்பையில் போட்டாச்சு என்றார். படத்தைக் காட்டியதும் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியில் நான்கு ஈஎல்84 கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் தலையில் வெள்ளியாக மின்ன வேண்டிய கெட்டர், அதாவது மிச்சக் காற்றை உறிஞ்சும் பூச்சு, பால்போல வெளுத்திருந்தது. காற்றுப் புகுந்த வால்வு, ஆணி அடிக்கக்கூட உதவாது. நான்கில் ஒன்றின் எண்கூட என் படத்தில் இல்லை. “எல்லாம் ஒண்ணுதான் சார், தேஞ்ச வால்வுக்கு இவ்வளவு பேச்சா?” என்றார். தேய்ந்ததாக அவர் சொன்ன நான்கில், மூன்று சாக்கெட்டில் இருந்தவற்றுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வால்வைத் தின்றது கண்டென்சர் என்று கேத்தோடு, கிரிட் அளவுகளை எழுதிக் கொடுத்தேன். கண்டென்சர் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். வால்வுகள் வரவில்லை. பில்லும் படங்களும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

செட் கொடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வால்வின் அடி எழுத்தையும், சேஸிஸின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மாற்றிய எல்லா உதிரியும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் செட்டைக் காரிலிருந்து இறக்காதீர்கள். திரும்ப எடுக்கும்போது ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, நான்கு கேத்தோடு வோல்ட்டையும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள், வேலை தெரிந்தவருக்கு அது இரண்டு நிமிடம். ஏற்கெனவே கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே ஃபோன் போட்டு, பழைய வால்வுகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.