மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போனவர்கள்

மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமல் வெள்ளைப் பூச்சு அடித்துத் தருகிறோம் என்ற நோட்டீஸை நம்பி நான் ஏமாந்தவன். இந்த வாரம் அதே நோட்டீஸ், வேறு போன் நம்பரோடு, பேப்பருக்குள் மடித்து வந்திருந்தது. ‘மழைக்கு முன் மாடியைக் காப்போம், பத்து வருட கேரண்டி.’ பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் போன் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் பூஜை அறைக் கூரையில் ஒரு ஈரத்திட்டு வந்தது, அப்புறம் போகவே இல்லை. பங்குனி வெயிலில் பார்த்திருக்க வேண்டிய வேலை. நான் ஐப்பசி பிறந்த பிறகு ஆள் தேடினேன். அவசரத்தில் இருப்பவனைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

900 சதுர அடி, அடிக்கு 40 ரூபாய். முன்பணம் 20,000. வந்த அன்று காலையில்தான் சாரல் அடித்து ஓய்ந்திருந்தது, மாடியில் பதித்த தட்டோட்டின் இடுக்கெல்லாம் பச்சைப் பாசி. விளக்குமாற்றால் ஒரு கூட்டு, அவ்வளவுதான். “ஈரமா இருக்கே தம்பி” என்றேன். “வெயில் அடிக்குல்லா அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்” என்றார். கொண்டுவந்த இரண்டு பூச்சு வாளிகளுக்கும் மூடியில் சீல் இல்லை. ஹோஸ் பைப்பை விட்டே கலக்கினார்கள். சாயங்காலம் மாடி பளீரென்று இருந்தது. மீதி 16,000-ஐயும் எண்ணிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி விடாத மழை. காலையில் மேலே போனால் பூச்சு முழுக்க அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது, கையால் இழுத்தால் தோலாக உரிகிறது. கீழே பூஜை அறையில் சொட்டு. “நான் அப்பவே சொன்னேம்லா” என்றாள் வீட்டுக்காரி. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, சரி, அது வேறு கதை.

போன் செய்தால், “தளத்துல வெடிப்பு, அதுக்கு நாங்க பொறுப்பில்ல.” கேரண்டி அட்டையை அன்றைக்குத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பொருளுக்கு மட்டும்தான், கூலிக்குக் கிடையாது, கட்டட வெடிப்புக்குப் பொருந்தாது. ஜிஎஸ்டி பில் இல்லாததால் அந்த அட்டையையும் எங்கே நீட்டுவது? பிறகு போனையும் எடுப்பதில்லை.

தெருவில் இருக்கும் வயசான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தேன். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டினார். முழுசாக ஒரு நாள் ஆவதற்குள் கீழே ஈரம் தெரிந்தது, சரியாகக் குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்தில். ஒழுகியது அந்த ஒரு சாண் இடம்தான். அதை விட்டுவிட்டு 900 அடிக்கும் வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

மாசி வரை காயவிட்டு, பூச்சைச் சுரண்டி, குழாயைச் சுற்றித் தட்டோட்டை உடைத்து அடைத்தார். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் கலவை வைத்து வளைவாகப் பூசினார். அங்கேதான் தண்ணீர் முதலில் நுழையுமாம். எல்லாம் சேர்த்து 11,000. அவர் கூலி கேட்டது, மறுபடியும் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கூரையைத் தடவிப் பார்த்த பிறகுதான். நீங்கள் யாரை வைத்துச் செய்தாலும் வாளியின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் சோதனை முடியும்வரை பாதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.