‘யீ ஓல்ட்’ பலகையும் எட்டிமான்லைனும்

லண்டன் ஃபிளீட் தெருவில் ‘யீ ஓல்ட் செஷயர் சீஸ்’ என்றொரு பழைய மதுக்கடை உண்டு. அந்த ‘யீ’யை ‘யீ’ என்று வாசிப்பதே தப்பு, அது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘த’தான். காரணம் தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டியது எட்டிமான்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கிய சொற்பிறப்பு அகராதித் தளம், இலவசம்.

ஒய், இ என்று தட்டினால் இரண்டு பதிவுகள் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்று ‘நீங்கள்’ என்று பொருள்படும் பிரதிப்பெயர். பழைய ஆங்கிலத்தில் ஜி, இ என்று எழுதியது. சமஸ்கிருத ‘யூயம்’ அதற்குத் தூரத்து உறவு. அதை ‘யீ’ என்றே சொல்லலாம். பலகையில் இருப்பது ஆர்ட்டிகிள், அதாவது அந்த ‘த’, என்று குறித்திருக்கும் மற்றது.

அந்தப் பதிவு சின்னதுதான், சரக்கு நிறைய. பழைய ஆங்கிலத்தில் ‘த’வின் தொடக்க ஒலிக்கு ‘தோர்ன்’ என்று தனி எழுத்து இருந்தது: ஒரு கம்பு, அதன் நடுவில் ஒட்டிய வயிறு. கையெழுத்தில் அதுவும் ஒய்யும் ஒன்றுபோலத் தெரிந்ததால், ஒய் மேல் புள்ளி வைத்துப் பிரித்தார்கள். (புள்ளியில்லாத ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.) 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்கு அச்சு வந்தது. கடல் தாண்டி ஐரோப்பாவில் வார்த்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லை. ஒய்யைப் போட்டுச் சமாளித்தார்கள். 1611 கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில்கூட, யோபு 1:9இல், ஒய் தலைமேல் குட்டி ‘இ’ ஏறியிருக்கும். கடைப்பலகை ‘யீ ஓல்ட்’ 19ஆம் நூற்றாண்டுப் பழமை வேஷம். 1896க்குள் கேலிப்பொருளாகிவிட்டது என்கிறது தளம்.

ஆண்டுக்குறிப்பைக் கவனித்துப் படியுங்கள். ‘12’க்குப் பின்னால் ‘சி’ வந்தால் 12ஆம் நூற்றாண்டு, அதாவது 1100கள். ‘1200’க்கு முன்னால் வந்தால் சுமார் 1200. சொல்லுக்கு முன் நட்சத்திரம் இருந்தால் அது அறிஞர்கள் ஊகித்துக் கட்டிய வடிவம், எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல.

பெரிய குறை: எந்தக் காலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்ற வரிசையும், ஆண்டு போட்ட மேற்கோள்களும் எட்டிமான்லைனில் முழுமையாகக் கிடைக்காது. அதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியான மிடில் இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குப் போங்கள்; அதுவும் இலவசம். அங்கே ‘த’ என்றே தேடுங்கள், ‘யீ’ என்று தேடினால் பிரதிப்பெயரில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த ஒரு சொல்லுக்காக ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.